"அந்தக்கா ஏன் பனியில பிகினியோட நிக்கிறாங்க?": ஃபேன்டஸி நாவல் அட்டைகள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க வீட்டு ஹால்ல டிவிக்கு பக்கத்துல ரெண்டு ஷெல்ஃப் முழுக்க இங்கிலீஷ் ஃபேன்டஸி பேப்பர்பேக் தான். பாதிக்கு மேல பழைய புத்தக கடைல வாங்கினது, 60-கள்ல இருந்து 90-கள் வரைக்கும் வந்த பதிப்புங்க. வீட்டுக்கு வர்றவங்க காபி ஆறுற வரைக்கும் ஒண்ண உருவி பாப்பாங்க, புருவத்த தூக்குவாங்க, ஒரு கேள்வி கேப்பாங்க. எல்லாரும் கிட்டத்தட்ட அதே கேள்வி தான். பதில் சொல்லி சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதி வச்சிட்டேன். கேள்விங்கள கேட்டவங்க வாய்ல வந்த மாதிரியே போட்டிருக்கேன்.

இது என்னம்மா, சின்ன பசங்க மாயாஜால புக்கா? இல்ல... அந்த மாதிரி புக்கா?

பெரியப்பா கேட்டது. "அந்த மாதிரி"ன்னு வரும்போது எல்லாருக்கும் குரல் தானா இறங்கிடும். ரெண்டும் இல்ல பெரியப்பா. மந்திரம், டிராகன், இல்லாத ஊரு, இல்லாத ராஜ்ஜியம் இதெல்லாம் வச்சு பெரியவங்களுக்கு எழுதற கதை. உள்ள பெரும்பாலும் வாரிசு சண்டை, மழைல நனைஞ்சுக்கிட்டே குதிரைல போறது, சத்திரத்துல உக்காந்து கஞ்சி குடிக்கறது, இதான் ஓடும். அட்டைய பாத்து "அந்த மாதிரி"ன்னு நம்பி வாங்கினவன் தான் பாவம், 600 பக்கம் படிச்சும் ஒண்ணும் கிடைச்சிருக்காது.

ஏன் எல்லாமே ஒரே அட்டையாட்டம் இருக்கு? ஒருத்தன், ஒரு கத்தி, பின்னாடி மலை, மேல டிராகன். முடிஞ்சுது.

பிரியாணி கடை வாசல்ல சிவப்பு துணி சுத்தின அண்டா இருக்கும்ல, அது எதுக்கு? தூரத்துல வர்றவனுக்கு இது பிரியாணி கடைன்னு தெரியணும், அவ்ளோதான். இந்த அட்டையும் அந்த அண்டா தான். அமெரிக்காவுல இந்த சின்ன சைஸ் பேப்பர்பேக்க எல்லாம் புத்தக கடைல மட்டும் விக்கல, மருந்து கடை, பஸ் ஸ்டாண்டு, சூப்பர் மார்க்கெட்னு எல்லா இடத்துலயும் சுத்துற கம்பி ஸ்டாண்டுல சொருகி வச்சு வித்தாங்க. தலைவலி மாத்திரை வாங்க வந்தவன் கண்ணுல ரெண்டு செகண்டுல பட்டாகணும். அவனுக்கு கதையோட நுணுக்கத்த எல்லாம் காட்டிட்டு இருக்க முடியாது, கத்திய காட்டு, டிராகன காட்டு, அனுப்பு.

இந்த ஃபார்முலாவுக்கு பிள்ளையார் சுழி போட்டவர்னு ஒருத்தர சொல்லணும்னா ஃப்ராங்க் ஃப்ரஸெட்டா. ராபர்ட் இ. ஹோவர்ட் 1930-கள்ல பத்திரிகைல எழுதின, கோனன்னு ஒரு முரட்டு வாள்வீரனோட கதைங்கள லான்சர்னு ஒரு கம்பெனி 1966-ல பேப்பர்பேக்கா போட ஆரம்பிச்சாங்க, அதுக்கு அட்டை இவர் வரைஞ்சாரு. பிணக்குவியல் மேல ஒருத்தன் கத்திய ஊன்றி நிக்கிறான், கால புடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு. புக்கு விக்கறத பாத்ததும் மத்த கம்பெனிக்காரன் எல்லாம் "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு போடுப்பா"ன்னு அவங்கவங்க ஓவியர்கிட்ட கேட்டாங்க, அதோட நிழல் அடுத்த இருபது முப்பது வருஷம் விடல. அவர் வரைஞ்சது உண்மையிலேயே அபாரம், அத நான் கிண்டல் பண்ண மாட்டேன். காப்பியோட காப்பியோட காப்பிய தான் பண்ணுவேன்.

அட்டைக்கு அந்த பிசினஸ்ல எவ்ளோ மதிப்புன்னு இன்னொரு விஷயத்துல புரியும். விக்காத பேப்பர்பேக்க கடைக்காரன் முழுசா திருப்பி அனுப்ப மாட்டான், அட்டைய மட்டும் கிழிச்சு அனுப்புவான், அதுக்கே காசு திரும்ப வந்துடும். உள்ள இருக்கற மொத்த கதையும் காகித கூழாக்க போயிடும். எழுதினவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

கதைய முழுசா படிச்சிட்டு தானே வரைவாங்க?

ஹாஹா. இல்ல. நாவல் எழுதி முடிக்கறதுக்கு முன்னாடியே அட்டை ரெடியாகறது கூட உண்டு, ஏன்னா விக்கற டீமுக்கு மாசக்கணக்குல முன்னாடியே படம் வேணும். ஓவியருக்கு கிடைக்கறது ஒரு பக்க சுருக்கம், "ஹீரோ, செம்பட்ட முடி, குதிரை இருக்கட்டும்"னு ஒரு குறிப்பு.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச கேஸ் 1965-ல நடந்தது. டோல்கீனோட 'தி ஹாபிட்' புக்க பாலன்டைன் கம்பெனி அமெரிக்காவுல பேப்பர்பேக்கா போட்டாங்க. அவசர அவசரமா வேலை, பார்பரா ரெமிங்டன்னு ஒரு ஓவியர், பாவம் அவங்களுக்கு புக்கே கைக்கு கிடைக்கல. அட்டைல என்ன வந்துச்சுன்னா ஒரு சிங்கம், ரெண்டு ஈமு கோழி, ஒரு மரத்துல பிங்க் கலர்ல உருண்டை உருண்டையா என்னமோ. கதைல சிங்கமும் கிடையாது ஈமுவும் கிடையாது. டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டு மொழியியல் பேராசிரியர், ஒவ்வொரு மலைக்கும் ரெண்டு மொழில பேர் வச்சவரு, அவர் இத பாத்துட்டு இதுக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம், இது எந்த ஊரு, ஈமு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டிருக்காரு. கம்பெனில இருந்து போன் பண்ணின அம்மா, ஓவியருக்கு புக்க படிக்க நேரமே இல்லன்னு சொல்லியிருக்காங்க. அந்த பிங்க் உருண்டை? அது கிறிஸ்மஸ் மரம் மாதிரி தோணறதுக்காம். பைத்தியக்கார ஆஸ்பத்திரில அடைச்ச மாதிரி இருக்குன்னு மனுஷன் தன்னோட பதிப்பாளருக்கு லெட்டர் எழுதினாரு. அடுத்தடுத்த அச்சுல சிங்கத்த மட்டும் எடுத்துட்டாங்க. ஈமு பத்திரமா இருந்துச்சு.

ஏங்க, அந்த பொண்ணு சண்டைக்கு போறாளா பீச்சுக்கு போறாளா?

இது தான் நம்பர் ஒன் கேள்வி. என்கிட்ட ஒரு புக் இருக்கு, காலேஜ் படிக்கும்போது பிளாட்பார கடைல 30 ரூபாய்க்கு வாங்கினது. சுத்திலும் பனி மலை, குதிரை மூக்குல இருந்து புகை வர்றத கூட வரைஞ்சிருக்கான், அவ்ளோ குளிர், அதுல ஒரு வீராங்கனை இரும்பு வளையத்துல கோர்த்த ரெண்டு துண்டோட நிக்கிறா. ஆனா கால்ல மட்டும் முழங்கால் வரைக்கும் கம்பளி வச்ச பூட்ஸ். கடைக்கார தாத்தா மத்த புக்குக்கெல்லாம் விலை ஸ்டிக்கர மூலைல தான் ஒட்டியிருந்தாரு, இதுக்கு மட்டும் கரெக்டா நெஞ்சுக்கு நடுவுல. அந்த அட்டைலயே அவளுக்கு கிடைச்ச ஒரே கவசம் அது தான்.

இந்த பிகினி கவசத்தோட மூலக்கதை இன்னும் தமாஷு. அந்த ஹோவர்டே 1934-ல ஒரு கதை எழுதினாரு, 1529-ல துருக்கி படை வியன்னா நகரத்த முற்றுகை போட்ட சமயத்துல நடக்கற கதை. அதுல ரெட் சோன்யான்னு ஒருத்தி வருவா. தலைல இரும்பு தொப்பி, துருக்கி சங்கிலி கவச சட்டை, தொளதொள பேன்ட், தொடை வரைக்கும் தோல் பூட்ஸ், இடுப்புல ரெண்டு துப்பாக்கி ஒரு குத்துவாள், மேல சிவப்பு போர்வை. ஹார்பர்ல மூட்டை தூக்கறவர விட பத்திரமா டிரஸ் பண்ணியிருப்பா. இத வச்சு மார்வெல் காமிக்ஸ் 1973-ல ரெட் சோன்ஜான்னு ஒரு கேரக்டர உருவாக்கினாங்க, அப்ப கூட சங்கிலி சட்டை இருந்துச்சு. அப்புறம் எஸ்டெபான் மரோட்டோன்னு ஒரு ஸ்பெயின் ஓவியர் பிகினி போட்டு ஒரு படம் வரைஞ்சாரு, அதுவே நிரந்தர யூனிஃபார்ம் ஆயிடுச்சு. சட்டை, பேன்ட், தொப்பி, துப்பாக்கி எல்லாம் 40 வருஷத்துல ஒவ்வொண்ணா காணாம போச்சு.

இதெல்லாம் ஆம்பளைங்க வரைஞ்சதால தானே இப்படி?

பெரும்பாலும் ஆமா, ஆனா முழுசா சொல்ல முடியாது. 1930-கள், 40-கள்ல 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகைக்கு 60-க்கு மேல அட்டை வரைஞ்சது மார்கரெட் ப்ரண்டேஜ்னு சிகாகோ பொண்ணு. பேஸ்டல்ல வரைவாங்க, சாட்டை, பலிபீடம், துணி இல்லாத பொண்ணு, எல்லாம் இருக்கும். 'எம். ப்ரண்டேஜ்'னு கையெழுத்து போட்டதால வாசகருங்களுக்கு இது பொண்ணுன்னே கொஞ்ச நாள் தெரியாது. அந்த பத்திரிகைல சில எழுத்தாளருங்க அட்டைப்பட கதையா வரணும்னே கதைக்குள்ள ஒரு துணி அவிழ்க்கற சீன சொருகுவாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. அதாவது அட்டை கதைய பாத்து வரல, கதை அட்டைய பாத்து வந்திருக்கு. மேல சொன்ன அண்டா கதை தான் இதுவும்.

சரி, முழு கவசம் போட்டு வரைஞ்சா பிரச்சினை தீந்துச்சா?

எங்க தீரும். முழு கவசம்னு சொல்லிட்டு நெஞ்சுல ரெண்டு கிண்ணம் கவுத்த மாதிரி வரைவாங்க. கொஞ்சம் யோசிங்க, இரும்பு கவசம் எதுக்கு வெளிய பாத்து வளைஞ்சு இருக்கு? அடிக்கற கத்தியோ ஈட்டியோ வழுக்கி பக்கவாட்டுல போகணும்னு. ரெண்டு கிண்ணத்துக்கு நடுவுல பள்ளம் வச்சா எல்லா அடியும் வழுக்கிக்கிட்டு நேரா அந்த பள்ளத்துக்கு வரும், அது நெஞ்செலும்பு இருக்கற இடம். கால் தடுக்கி குப்புற விழுந்தா கூட அந்த மடிப்பு நெஞ்செலும்புல தான் குத்தும். எதிரியே வேணாம். கவசத்துக்கு அடியில கனமா பஞ்சு வச்ச சட்டை போடுவாங்க வேற, அத போட்டப்புறம் யாருக்கு என்ன வடிவம் தெரியப்போகுது, எல்லாரும் தலகாணி தான்.

அந்த கத்தி என்ன வெயிட் இருக்கும்?

என் தம்பி இன்ஜினியரிங் படிச்சவன், ஒரு நாள் ஸ்கேல் எடுத்துட்டு வந்து உக்காந்துட்டான். அட்டைல நிக்கிறவன் ஆறடின்னு வச்சுக்கிட்டா கத்தியோட அலகு மட்டும் 120 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். தடிமன் சராசரியா 1 சென்டிமீட்டர்னு கருணையோட போட்டோம். 2400 கன சென்டிமீட்டர், எஃகு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், ஆக கிட்டத்தட்ட 19 கிலோ. புடி தனி. வீட்டு காஸ் சிலிண்டர் காலியா இருந்தா சுமாரா 15 கிலோ. அத ஒத்த கைல தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, இன்னொரு கைல ஒரு பொண்ணயும் தாங்கிக்கிட்டு பாறை மேல நிக்கிறான்.

நிஜமான ஐரோப்பிய லாங்ஸ்வார்ட் 1.1-ல இருந்து 1.8 கிலோ வரைக்கும் தான். பெரிய ரெண்டு கை வாளே 2-ல இருந்து 3.5 கிலோக்குள்ள அடங்கிடும். கத்தின்னா வேகமா திரும்பணும்ல, சிலிண்டர் திரும்புமா?

ஆம்பளைங்கள மட்டும் ஒழுங்கா வரையறாங்களா?

ஒழுங்கா வரையறாங்க, துணி தான் குடுக்கறதில்ல. கோனன்ன எடுத்துக்கோங்க, அட்டைல எப்பவும் ஒரு ரோம கோவணம். ஹோவர்டோட கதைல அவன் எத்தனையோ தடவ முழு கவசத்துல வருவான், ஒரு கதைல கறுப்பு செதில் கவசம், கொம்பு வச்ச தலைக்கவசம்னு விலாவாரியா எழுதியிருக்காரு. அட்டை வரைஞ்சவங்களுக்கு அதெல்லாம் வேணாம், தசை தெரியணும்.

அந்த தசைக்கு ஒரு காரணமும் இருக்கு. பெருல பொறந்து அமெரிக்கா வந்த போரிஸ் வல்லேஹோ, 70-கள் 80-கள்ல இந்த மாதிரி அட்டைய வரைஞ்சு தள்ளினவரு, அவரே பாடி பில்டிங் பண்ற ஆளு. அவரோட மனைவி ஜூலி பெல் கூட பாடி பில்டிங் போட்டில கலந்துக்கிட்டவங்க, அவங்களும் இதே துறைல பெரிய ஓவியர். மாடல போட்டோ எடுத்து அத பாத்து வரைவாங்க. அதனால தான் அந்த உடம்பு எல்லாம் போட்டி மேடைல எண்ணெய் தேச்ச உடம்பு மாதிரியே இருக்கும். பத்து நாளா காட்டுல சோறு தண்ணி இல்லாம அலைஞ்சவன்னு கதை சொல்லும், அட்டைல பளபளன்னு நிப்பான். அந்த எண்ணெய் யார் கொண்டு வந்தா?

அந்த மாதிரி போஸ்ல நிஜமா யாராச்சும் நிக்க முடியுமா?

அதாவது முன்னாடியும் தெரியணும் பின்னாடியும் தெரியணும், இடுப்பு ஒரு பக்கம் தோள் ஒரு பக்கம், முறுக்கு புழியற மாதிரி. ஜிம் ஹைன்ஸ்னு ஒரு அமெரிக்க ஃபேன்டஸி எழுத்தாளர் 2012 ஜனவரில இத டெஸ்ட் பண்ணி பாத்துட்டாரு. அட்டைல வர்ற ஹீரோயின்ங்க போஸ்ல தானே நின்னு போட்டோ எடுத்து போட்டாரு, கண்ணாடி போட்ட சாதாரண குடும்பஸ்தர், கைல கத்தி, இடுப்ப ஒடிச்சுக்கிட்டு. முதுகு போச்சுன்னாரு. அப்புறம் ஆம்பளைங்க போஸும் ட்ரை பண்ணாரு, அது ஈசியா வந்துச்சு, அதுவே பதில் தான். அந்த வருஷ கடைசில ஜான் ஸ்கால்சின்னு இன்னொரு எழுத்தாளரோட போட்டி போட்டு போஸ் குடுத்து, அதுல வந்த காச ஒரு அபூர்வ நோய்க்கான அறக்கட்டளைக்கு குடுத்தாங்க.

நானும் பீரோ கண்ணாடி முன்னாடி ட்ரை பண்ணேன், கைல ஒட்டடை குச்சி. அட்டைல இருக்கற மாதிரி இடுப்ப திருப்பினா முகம் செவுத்த பாக்குது, முகத்த திருப்பினா குச்சி ஃபேன்ல இடிக்குது. அம்மா வந்து பாத்துட்டு ஒண்ணும் கேக்காம கதவ சாத்திட்டு போயிட்டாங்க.

எழுதினவங்க சும்மாவா இருப்பாங்க? "என் ஹீரோ இப்படி இல்லய்யா"ன்னு சொல்ல மாட்டாங்களா?

சொல்லலாம், யார் கேக்கறா. பெரும்பாலான ஒப்பந்தத்துல அட்டைய முடிவு பண்ற உரிமை பதிப்பாளருக்கு தான், எழுத்தாளர்கிட்ட "கருத்து கேப்போம்"னு மட்டும் இருக்கும். கல்யாண வீட்ல சாம்பார்ல உப்பு போதுமான்னு மாப்பிள்ளைகிட்ட கேக்கற மாதிரி, கேட்டாச்சு, அவ்ளோதான்.

சிரிக்க முடியாத கேஸும் இருக்கு. அர்சுலா லெ குவின் 1968-ல எழுதின எர்த்ஸீ நாவல்ல ஹீரோ கெட்-க்கு செம்பழுப்பு தோல், அவன் நண்பன் கறுப்பு, அந்த உலகத்துல வெள்ளைத்தோல்காரங்க தான் சின்ன கூட்டம். அவங்க வேணும்னே யோசிச்சு எழுதினது. ஆனா வருஷக்கணக்கா பல பதிப்போட அட்டைல வெள்ளைக்கார பையன் தான் நின்னான். பதிப்பகங்களோட சண்டை போட்டு சண்டை போட்டு பெரும்பாலும் தோத்துட்டேன்னு அவங்களே எழுதியிருக்காங்க. ஈமு வந்தா சிரிச்சிடலாம், இது வேற. படிக்கறப்ப நம்ம கலர்ல ஒரு மந்திரவாதின்னு சந்தோஷப்பட்டுட்டு புக்க மூடினா அட்டைல வேற எவனோ நின்னா எப்படி இருக்கும்? எனக்கு அப்படி தான் இருந்துச்சு.

லேசான கேஸ் ஒண்ணு: ஜிம் பட்சர் எழுதற ஹாரி டிரெஸ்டன் கதைங்க. சிகாகோல ஒரு மந்திரவாதி துப்பறிவாளர், கதைல அவன் தொப்பி போடற ஆளே கிடையாது. அட்டைல விடாம தொப்பி. கடைசில பட்சர் கதைக்குள்ளயே தொப்பிய வச்சு ஜோக் எழுத ஆரம்பிச்சுட்டாரு, ஜெயிக்க முடியலன்னா கிண்டலாச்சும் பண்ணிக்கலாம்ல.

அப்ப கதைல எழுதினத வரி பிசகாம வரைஞ்சா சரியா வந்துடுமா?

நல்ல கேள்வி, ஆனா இதுலயும் வில்லங்கம் இருக்கு. டெர்ரி ப்ராட்செட் எழுதின டிஸ்க்வேர்ல்ட்னு ஒரு காமெடி ஃபேன்டஸி தொடரோட முதல் நாவல்ல டூஃப்ளவர்னு ஒரு சுற்றுலா பயணி வருவான், கண்ணாடி போட்டவன். கண்ணாடியே பாக்காத ஊர்ல அவன "நாலு கண்ணு"ன்னு சொல்லுவாங்க, நாம ஸ்கூல்ல சோடாபுட்டின்னு கூப்பிடற மாதிரி. 1985-ல பேப்பர்பேக்குக்கு அட்டை வரைஞ்ச ஜாஷ் கிர்பி அவனுக்கு நிஜமாவே நாலு கண்ணு வரைஞ்சுட்டாரு. ரெண்டுக்கு மேல ரெண்டு. இங்க மனுஷன் கதைல இருக்கறத மதிச்சிருக்காரு, அது தான் பிரச்சினையே! கூடவே ஓடற மந்திரவாதி ரின்ஸ்விண்ட் அவ்ளோ வயசானவன் இல்ல, அவனுக்கு தாத்தா தாடி வேற.

ஆனா கிர்பி அட்டைங்கள நான் விட்டுக்குடுக்க மாட்டேன். ஒரு அட்டைக்குள்ள திருவிழா கூட்டம் மாதிரி நூறு பேர் முட்டிக்கிட்டு ஓடுவாங்க, அந்த கதையோட கிறுக்குத்தனம் அப்படியே வந்திருக்கும். தப்பா வரைஞ்சு சரியா புடிச்சவரு. 2001-ல அவர் இறந்தப்புறம் வந்த பால் கிட்பி, 'நைட் வாட்ச்' நாவலுக்கு ரெம்ப்ரான்ட்டோட அதே பேர் ஓவியம் மாதிரி அட்டை வரைஞ்சு, அதுல ரெம்ப்ரான்ட் தன்னையே வரைஞ்சுக்கிட்ட இடத்துல கிர்பியோட முகத்த வச்சாரு.

ஒருத்தர் கூடவா ஒழுங்கா படிச்சு வரையல?

மைக்கேல் வீலன். கையெழுத்துப் பிரதிய வாங்கி படிச்சு குறிப்பெடுத்து வரையறவரு, சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேன்டஸிக்கு குடுக்கற ஹ்யூகோ விருது மட்டும் 15 வாங்கியிருக்காரு. வீல் ஆஃப் டைம்னு ஒரு ஃபேன்டஸி நாவல் தொடருக்கு டேரல் ஸ்வீட்னு ஒருத்தர் தான் முதல்ல இருந்து அட்டை வரைஞ்சாரு, ரசிகருங்க ஒவ்வொரு அட்டையையும் வச்சு உயரம் தப்பு, முகம் தப்புன்னு வருஷக்கணக்கா கிழிச்சாங்க. 2011 கடைசில அவர் இறந்துட்டாரு, 2013-ல வந்த கடைசி புக்குக்கு வீலன் வரைஞ்சாரு. படம் பிரமாதம். ஆனா ஷெல்ஃப்ல வரிசையா வச்சு பாத்தா அந்த ஒண்ணு மட்டும் வேற வீட்டு புள்ள மாதிரி நிக்குது. கிண்டல் பண்ணிக்கிட்டே பழகிட்டோம் போல.

இப்ப வர்ற புக்குல ஆளே இல்லயே அக்கா? கிரீடம், கத்தி, பூ, அவ்ளோதான் இருக்கு.

ஆமாடி, அண்டா மாறிடுச்சு. நடுவுல ஒரு பத்து வருஷம் குல்லா போட்ட மூஞ்சி தெரியாத ஆளு, அப்புறம் தோல் பேன்ட் போட்டு முதுக காட்டிக்கிட்டு நிக்கற, தலையே வெட்டுப்பட்ட பொண்ணு. 2005-ல ட்வைலைட்னு ரத்தக்காட்டேரி காதல் நாவல் வந்துச்சு, கறுப்பு பின்னணில ரெண்டு கை ஒரு ஆப்பிள். அதுக்கப்புறம் எல்லாருக்கும் கறுப்பு பின்னணில ஒரு பொருள் வேணும். இப்ப பூங்கொடி சுத்தின கத்தி, தங்க கலர் எழுத்து, பக்க ஓரத்துல எல்லாம் பெயின்ட் அடிச்சு விக்கறாங்க. மெட்ரோல வெக்கப்படாம படிக்கலாம், அது ஒரு நிம்மதி. ஆனா பத்து புக்க கலைச்சு போட்டா எது எதுன்னு தெரியாது, பூ மட்டும் மாறும். ரெண்டாவது கேள்வில கேட்ட அதே கம்ப்ளைன்ட் தான்.

ஏஐ வந்துடுச்சே, இனிமே அட்டை எல்லாம் சூப்பரா வரும்ல?

2023-ல சாரா ஜே. மாஸோட ஒரு நாவலுக்கு பிரிட்டன் பதிப்புல வந்த ஓநாய் ஏஐ-ல செஞ்ச படம்னு வாசகருங்க கண்டுபிடிச்சாங்க, போட்டோ விக்கற தளத்துல இருந்து வாங்கினதாம், எங்க டிசைன் டீமுக்கு தெரியாதுன்னு பதிப்பகம் சொல்லுச்சு. அதே வருஷம் சொந்தமா பதிப்பிக்கற ஃபேன்டஸி எழுத்தாளருங்களுக்கான போட்டில சிறந்த அட்டைன்னு ஜெயிச்சது ஏஐ உபயோகிச்சதுன்னு தெரிஞ்சு வாபஸ் ஆச்சு, அட்டை போட்டியவே நிறுத்திட்டாங்க.

ரெமிங்டன் புக்க படிக்கல சரி, ஆனா அந்த ஈமுவ உக்காந்து யோசிச்சு கையால வரைஞ்சாங்க. இத்தன வருஷம் கழிச்சும் நான் அத பத்தி பேசறேன். அந்த ஓநாய பத்தி யார் பேசுவா? நல்லா தான் இருந்துச்சு, அது தான் அதோட குறையே.

அட்டை கேவலமா இருந்தா புக்கும் கேவலமா தான் இருக்குமா?

சம்பந்தமே இல்ல. என் ஷெல்ஃப்ல ரொம்ப மோசமான அட்டை போட்ட அஞ்சுல மூணு ரொம்ப நல்ல நாவல். தலைகீழாவும் நடக்கும், ஃப்ரஸெட்டா 1976-ல ஒரு நாவல் அட்டைக்கு வரைஞ்ச ஒரிஜினல் ஓவியம் 2023-ல 60 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு, அந்த நாவல் பேர இன்னைக்கு எத்தன பேருக்கு தெரியும்?

அந்த ஸ்டிக்கர் ஒட்டின புக்க ஏன் அப்படியே வச்சிருக்கீங்க சித்தி? உரிச்சிடலாமே.

உரிச்சு பாத்தேன் கண்ணு. தேங்காண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊற வச்சு, நகத்தால மெதுவா ஒரு ஓரத்துல இருந்து தூக்கினேன். அட்டை கிழியல, நல்லா தான் வந்துச்சு. அடியில இன்னொரு ஸ்டிக்கர் இருந்துச்சு, மஞ்சளா, இத விட பழசு, வேற கையெழுத்துல 12 ரூபாய்னு போட்டு. கரெக்டா அதே இடத்துல.